எண்ணிக்கையின் வரலாறு: இந்திய, மலேசியப் புலிகள் காப்புத் திட்டங்கள் – ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

மலேசிய நாட்டின் அரசுச் சின்னத்தை இருபுறமும் தாங்கி நிற்பவை இரண்டு புலிகள். தேசியக் காற்பந்துக் குழுவை மக்கள் ‘ஹரிமாவ் மலாயா’ என்றே அழைக்கின்றனர். தமிழிலக்கியம் கற்பிக்கும் நமக்கும் புலி புதியதன்று. வேங்கை, உழுவை, கொடுவரி எனப் பல பெயர்களால் குறிஞ்சித் திணையில் உலவும் விலங்கு அது. சோழர்தம் கொடியில் பொறிக்கப்பட்டு, 11ஆம் நூற்றாண்டில் கடாரம் வரை வந்த சின்னமும் அதுவே. ஆயின், சின்னத்தில் நிற்கும் விலங்கு காட்டில் நிற்கிறதா என்னும் வினாவுக்கு விடை தேடும்போது நாம் மூன்று எண்களை எதிர்கொள்கிறோம்.

1950களில் மலாயாக் காடுகளில் ஏறத்தாழ 3,000 புலிகள் இருந்தன என்று சொல்லப்பட்டது. 2000களின் தொடக்கத்தில் அவ்வெண் 500 ஆயிற்று. 2016 முதல் 2020 வரை நடத்தப்பெற்ற முதலாவது தேசியப் புலிக் கணக்கெடுப்பு, 150க்கும் குறைவான புலிகளே எஞ்சியுள்ளன என்று காட்டியது. இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் ஒரு வீழ்ச்சியின் வரலாறு கிடைக்கிறது. ஆனால், இவை ஒரே வகையைச் சேர்ந்த எண்கள் அல்ல. முதலாவது ஓர் ஆட்சி அதிகாரியின் மதிப்பீடு. இரண்டாவது ஒரு பெருக்கல் கணக்கின் விடை. மூன்றாவது மட்டுமே நாடு தழுவிய அளவில் காடுகளில் கருவிகளைப் பொருத்தித் தேடிப் பெற்றது.

புலிகளைக் காக்க அரசுகள் வகுத்த திட்டங்களைப் பொதுவாகக் காட்டின் பரப்பு, ஒதுக்கிய நிதி, இயற்றிய சட்டம் ஆகியவற்றைக் கொண்டே மதிப்பிடுகிறோம். இக்கட்டுரை வேறொரு வழியில் செல்கிறது. எதை எண்ணினார்கள், எவ்வாறு எண்ணினார்கள், யாரை எண்ணாமல் விட்டார்கள் என்னும் மூன்று வினாக்களைக் கொண்டு, 1973இல் தொடங்கிய இந்தியத் திட்டத்தையும் 2008இல் தொடங்கிய மலேசியத் திட்டத்தையும் ஒப்பிட முயல்கிறது. திட்டத்தின் உயிர் அதன் கணக்கின் நேர்மையில் இருக்கிறது என்பதே நமது கருத்து.

செத்த புலியை எண்ணிய காலம்

புலியை முதன்முதலில் முறையாக எண்ணிய அரசு, உயிருள்ள புலியை எண்ணவில்லை. பிரித்தானிய இந்தியாவில் புலி, சிறுத்தை, ஓநாய் முதலியவற்றைக் கொன்று அடையாளம் காட்டியவருக்கு வெகுமதி வழங்கப்பட்டது. வழங்கிய பணத்துக்குக் கணக்கு வேண்டுமாதலால் கொல்லப்பட்ட விலங்குகளும் ஏட்டில் ஏறின. அந்த ஏடுகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன், 1875க்கும் 1925க்கும் இடைப்பட்ட 50 ஆண்டுகளில் 80,000க்கும் மேற்பட்ட புலிகள் கொல்லப்பட்டன என்று காட்டியுள்ளார். மன்னர்களும் துரைமார்களும் பொழுதுபோக்காக நடத்திய வேட்டைகள் எல்லாம் வெகுமதி ஏட்டில் இடம்பெற்றிருக்கும் என்று கொள்வதற்கில்லை.

நீரிணைக் குடியேற்றங்களிலும் இதே வழக்கம் நிலவியது. 1840களில் சிங்கப்பூரின் கம்பீர், மிளகுத் தோட்டங்களுக்காகக் காடுகள் அழிக்கப்பட்டபோது புலிகள் தொழிலாளர்களைத் தாக்கின. அரசு வெகுமதி அறிவித்தது. ஆனால், புலியால் இறந்த தொழிலாளர்கள் பலரின் இறப்பு பதிவாகவில்லை என்றும், செய்தி பரவினால் வேலைக்கு ஆள் கிடைக்கமாட்டார்கள் எனத் தோட்ட உரிமையாளர்கள் அஞ்சி மறைத்தார்கள் என்றும் அக்காலத்தார் எழுதியுள்ளனர். புலியின் தலைக்கு விலை இருந்ததால் புலி ஏட்டில் ஏறியது. தொழிலாளியின் இறப்பு ஆள்திரட்டலுக்கு இடையூறானதால் ஏறவில்லை. சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப்புலி 1930இல் சுவா சூ காங் பகுதியில் சுடப்பட்டது.

பினாங்குத் தீவுக்கு எதிரே பெருநிலத்தில் அமைந்த புரோவின்ஸ் வெல்லெஸ்லி, அதாவது இன்றைய செபராங் பிறை, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கரும்புத் தோட்டங்களால் நிறைந்தது. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் அங்கு உழைத்தனர். பின்னர்க் காப்பியும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பரும் மேற்குக் கரைச் சமவெளி முழுவதும் பரவின. 1920களில் மலாயாவின் ரப்பர்ப் பரப்பு 20 இலட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. மலாயாத் தமிழர் வரலாற்றை எழுதும்போது, காட்டை அழித்து நாட்டை உருவாக்கியவர்கள் என்று நம் முன்னோரைப் பெருமையுடன் குறிப்பிடுகிறோம். அது உண்மையே. ஆயின், அவ்வாக்கியத்தின் முதற்பாதியை நாம் ஆராய்ந்ததில்லை. அழிக்கப்பட்ட அந்தத் தாழ்நிலக் காடுகளே மானும் காட்டுப்பன்றியும் மிகுந்த, புலிக்கு மிகவும் ஏற்ற காடுகள். கோடரி பிடித்த கை நம்முடையது; ஆணையிட்ட வாயும் ஈட்டிய இலாபமும் பிறருடையவை. இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்வதே வரலாறு.

குடியேற்ற அரசுக்குள்ளிருந்தும் மாற்றுக் குரல் எழுந்தது. தோட்டத்துரையாகவும் வேட்டைக்காரராகவும் வாழ்ந்து, பின்னர் வனவிலங்குக் காவலராக மாறிய தியோடர் ஹப்பாக், 1930 முதல் 1932 வரை மலாயா வனவிலங்கு ஆணையத்தை நடத்தி விரிவான அறிக்கை அளித்தார். அவருடைய இடைவிடாத முயற்சியால் 1938–39இல் பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா உருவாயிற்று. விடுதலைக்குப்பின் அதுவே தாமான் நெகாராவாகப் பெயர் பெற்றது. எனினும், பூங்காவின் எல்லைக்கு வெளியே புலி கொல்லத்தக்க விலங்காகவே நீடித்தது. திரங்கானுவில் மாவட்ட அதிகாரியாக இருந்த லாக், 1954இல் அம்மாநிலத்துப் புலிகளைப் பற்றி நூல் எழுதினார். மலாயாவில் 3,000 புலிகள் என்னும் மதிப்பீடு அவரிடமிருந்தே வருகிறது. அனுபவமிக்க ஒருவரின் ஊகம் என்ற அளவில் அது மதிக்கத்தக்கது. கணக்கெடுப்பு என்று அதனைக் கொள்ள இயலாது.

உயிருள்ள புலியை எண்ணத் தொடங்கிய இந்தியா

1969ஆம் ஆண்டு புதுதில்லியில் கூடிய பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பொதுப்பேரவை, புலி அழிவின் விளிம்பில் நிற்பதை உலகுக்கு உணர்த்தியது. 1970இல் இந்தியா முழுவதும் புலி வேட்டை தடை செய்யப்பட்டது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு நடத்தப்பெற்ற நாடு தழுவிய கணக்கெடுப்பு 1,827 புலிகள் என்று அறிவித்தது. பிரதமர் இந்திரா காந்தியின் நேரடி ஆதரவுடன், கரண் சிங் தலைமையிலான குழு வகுத்த திட்டம் 1973 ஏப்ரல் 1ஆம் நாள் கார்பெட் பூங்காவில் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் கைலாஷ் சங்க்லா. கார்பெட், கன்ஹா, ரந்தம்போர், பந்திப்பூர், மானஸ், மேல்காட், பலாமு, சிமிலிபால், சுந்தரவனம் ஆகிய ஒன்பது காப்பகங்களே தொடக்கம்.

திட்டத்தின் அடிப்படைக் கருத்து எளிமையானது. புலியைத் தனியே காக்க இயலாது. அதன் இரையையும், இரைக்கு வேண்டிய புல்லையும் நீரையும், அவற்றைத் தாங்கும் காட்டையும் சேர்த்தே காக்க வேண்டும். அதற்காகக் காப்பகத்தின் நடுப்பகுதி மனித நடவடிக்கை ஏதுமற்ற உள்மண்டலமாகவும், சுற்றுப்பகுதி கட்டுப்பாட்டுடன் கூடிய பயன்பாட்டிற்குரிய புறமண்டலமாகவும் பிரிக்கப்பட்டன. தமிழ்நாட்டில் 1988இல் அமைந்த களக்காடு–முண்டந்துறைக் காப்பகம் இதற்குத் தக்க சான்று. தாமிரபரணியும் அதன் துணையாறுகளும் தோன்றும் மலைக்காடு அது. அங்கே புலியைக் காப்பது என்பது, கீழே சமவெளியில் வயலையும் குடிநீரையும் காப்பதாகும்.

உயிருள்ள புலியை எண்ணுவதற்குச் சரோஜ் ராஜ் சௌத்ரி என்னும் வன அதிகாரி 1960களில் வகுத்த அடிச்சுவட்டு முறை கைக்கொள்ளப்பட்டது. புலியின் பின்னங்கால் சுவட்டைக் கண்ணாடித் தகட்டின்மேல் வரைந்தெடுத்து, ஒவ்வொரு சுவடும் எந்தப் புலிக்குரியது என்று தேர்ந்த வனக்காவலர் பிரித்தறிவர். அதிகச் செலவில்லாத, கடைநிலை ஊழியரின் அறிவை மதித்த முறை இது. ஆயினும், ஈர மண்ணில் பதிந்த சுவடும் புழுதியில் பதிந்த சுவடும் ஒன்று போல் இரா. ஒரே புலி இரண்டாக எண்ணப்படக்கூடும். இக்குறையைவிடப் பெரியது வேறொன்று. எண்ணுபவரும், எண்ணிக்கை உயர்ந்தால் பாராட்டுப் பெறுபவரும் ஒருவராகவே இருந்தனர்.

ஏட்டில் எண்கள் ஏறின. 1984இல் 4,005 புலிகள், 1989இல் 4,334 புலிகள் என்று அறிவிக்கப்பட்டது. 2002இல் அவ்வெண் 3,642 என்றிருந்தது. உல்லாஸ் கரந்த் போன்ற அறிவியலாளர்கள் இம்முறையின் நம்பகத்தன்மையைத் தொடர்ந்து ஐயுற்றனர். தானியங்கிக் கேமராக்களைக் கொண்டு எண்ணும் மாற்று முறையை 1990களில் நாகரஹொளேக் காட்டில் கரந்த் செய்து காட்டினார். மனிதரின் கைரேகையைப் போலவே புலியின் வரிகளும் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. ஒரே புலி எத்தனை முறை படத்தில் சிக்குகிறது என்பதிலிருந்து, சிக்காத புலிகள் எத்தனை இருக்கும் என்று புள்ளியியல்வழி மதிப்பிடலாம். ஆயின், நிறைவான எண்களைப் பெற்றுக்கொண்டிருந்த நிருவாகத்துக்கு இம்முறை உடனே தேவைப்படவில்லை.

சரிஸ்கா கற்பித்த பாடம்

இராசஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் புலிகள் உள்ளன என்றே ஆவணங்கள் கூறிவந்தன. 2004ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அங்கே புலியின் தடயங்கள் காணப்படவில்லை என்ற செய்தி கசிந்தது. 2005இல் முறையாகத் தேடியபோது ஒரு புலிகூட இல்லை என்பது உறுதியாயிற்று. கள்ளவேட்டைக்காரர்கள் அனைத்தையும் கொன்றுவிட்டிருந்தனர். புலிகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்த காலத்திலும் ஏட்டில் அவை உயிருடன் இருந்தன. பாதுகாப்பில் பிழை இருப்பதைக் காட்டவேண்டிய கணக்கே அப்பிழையை மூடி மறைத்தது என்பதுதான் சரிஸ்காவின் உண்மையான இழப்பு.

பிரதமர் மன்மோகன் சிங் அமைத்த புலிப் பணிக்குழு, சுனிதா நாராயண் தலைமையில் 2005 ஆகஸ்டில் அறிக்கை அளித்தது. அதன் பரிந்துரைகளையொட்டி, 2006ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்வழித் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் சட்டத் தகுதி பெற்றது. அடிச்சுவட்டு முறை கைவிடப்பட்டது. இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் துணையுடன், நான்காண்டுகளுக்கு ஒருமுறை கேமராப் படங்களையும் கள ஆய்வையும் இணைத்துக் கணக்கெடுப்பது வழக்கமாயிற்று. புதிய முறையின் முதல் விடை 1,411. முப்பது ஆண்டுக்கும் மேற்பட்ட உழைப்பிற்குப்பின், தொடங்கிய எண்ணைவிடக் குறைவான எண்ணை ஓர் அரசு தன் வாயாலேயே நாட்டுக்கு அறிவித்தது. முறைகள் வேறாதலால் 1,827ஐயும் 1,411ஐயும் நேராக ஒப்பிடக்கூடாது. ஆயினும், அந்த அறிவிப்பே இந்தியத் திட்டத்தின் திருப்புமுனை என்று நாம் கருதுகிறோம்.

2009இல் மத்தியப் பிரதேசத்தின் பன்னா காப்பகமும் புலியற்றுப் போனது தெரியவந்தது. சரிஸ்காவிலும் பன்னாவிலும் பிற காடுகளிலிருந்து புலிகளைக் கொணர்ந்து விட்டனர். 2010இல் 1,706, 2014இல் 2,226, 2018இல் 2,967, 2022இல் 3,682 என மதிப்பீடுகள் உயர்ந்தன. கணக்கெடுப்பின் பரப்பும் கருவிகளும் விரிந்ததும் இவ்வுயர்வுக்கு ஒரு காரணம் என்பதை மறத்தல் ஆகாது. தமிழ்நாட்டில் 2006இல் 76 ஆக இருந்த மதிப்பீடு 2022இல் 306 ஆயிற்று. களக்காடு–முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், திருவில்லிபுத்தூர்–மேகமலை என ஐந்து காப்பகங்கள் இன்று அங்குள்ளன.

மலேசியத் திட்டம்: இலக்கு முன்னே, கணக்கு பின்னே

மலேசியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் புலி 1976இல் முழுப் பாதுகாப்புப் பெற்றது. பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காக்கள் துறை, நெடுங்காலம் பொதுமக்கள் தந்த புகார்களையும் தடயச் செய்திகளையும் கொண்டே புலிகளின் எண்ணிக்கையை மதிப்பிட்டது. 1998 முதல் 2001 வரை தாமான் நெகாராவில் கே கவானிஷியும் மெல்வின் சன்குவிஸ்டும் தானியங்கிக் கேமராக்களைக் கொண்டு ஆய்ந்து, அப்பூங்காவில் 52 முதல் 84 வரை வளர்ந்த புலிகள் இருக்கலாம் என்று கண்டனர். நாட்டின் எஞ்சிய காடுகளுக்கும் இத்தகைய அடர்த்தியைப் பொருத்திப் பரப்பால் பெருக்கியபோது 493 முதல் 1,480 வரை என்னும் விடை கிடைத்தது. அதன் கீழெல்லையே 500 என்னும் எண்ணாகப் பின்னர் எங்கும் வழங்கலாயிற்று. காட்டின் பரப்பு இவ்வளவு, ஆகவே புலி இவ்வளவு என்னும் தருக்கம், காடு நிற்கும் இடமெல்லாம் புலியும் நிற்கும் என்ற நம்பிக்கையின்மேல் எழுந்தது.

இந்நம்பிக்கையுடன்தான் 2008இல் தேசியப் புலிப் பாதுகாப்புச் செயல்திட்டம் வெளிவந்தது. அரசுத் துறையும் மைகேட் என்னும் அரசு சாரா அமைப்புகளின் கூட்டணியும் இணைந்து வகுத்த திட்டம் அது. பெலும்–தெமெங்கோர், தாமான் நெகாரா, எண்டாவ்–ரொம்பின் ஆகிய மூன்று பெருங்காடுகளைக் காத்து, நடுக்காட்டு முதுகெலும்பு என்னும் இணைப்புக் காடுகளால் அவற்றைத் தொடுத்து, 2020க்குள் 1,000 புலிகள் என்பதே இலக்கு. 2010இல் செயிண்ட் பீட்டர்ஸ்பர்கில் கூடிய புலி வாழ் நாடுகளின் மாநாடு, 2022க்குள் உலகப் புலிகளை இரட்டிப்பாக்க உறுதி பூண்டபோது மலேசிய இலக்கும் அதனோடு இயைந்தது. 2010ஆம் ஆண்டுப் புதிய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தண்டனைகளைக் கடுமையாக்கியது.

திட்டத்தின் வடிவில் குறை காண்பது அரிது. தடை வேறிடத்தில் இருந்தது. மலேசியக் கூட்டரசு அமைப்பின்படி நிலமும் காடும் மாநில அரசுகளின் அதிகாரத்துக்குட்பட்டவை. வனவிலங்கோ கூட்டரசும் மாநிலமும் பகிரும் பொறுப்பு. புலியைக் காக்கும் கடமை கோலாலம்பூருக்கு. புலி நிற்கும் காட்டை வெட்டுவதா வைப்பதா என்று முடிவெடுக்கும் உரிமை மாநிலத்துக்கு. இந்தியாவில் 1976ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் காட்டையும் வனவிலங்கையும் பொதுப்பட்டியலுக்குக் கொணர்ந்ததும், காப்பகங்களுக்கு நடுவணரசு நேரே நிதி வழங்கியதும் இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கன.

காடு நின்ற இடங்களிலும் புலி குறைந்தது. கம்பியால் முடைந்த சுருக்குக் கண்ணிகள் அதற்குப் பெருங்காரணம். அண்டை நாடுகளிலிருந்து வந்த கள்ளவேட்டைக் குழுக்கள் மாதக்கணக்கில் காட்டில் தங்கி அவற்றைப் பரப்பின. கண்ணி ஓசையற்றது, துப்பாக்கியைப் போல் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுப்பதில்லை. புலிக்கு வைத்ததில் மானும், மானுக்கு வைத்ததில் புலியும் அகப்படும். புலியின் முதன்மை இரையான சாம்பார் மானும் அருகியது. 1982இல் திறக்கப்பட்ட கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலை பெலும்–தெமெங்கோர்க் காட்டை ஊடறுத்துச் செல்வதால் உள்நுழைவும் எளிதாயிற்று. நோயும் சேர்ந்தது. 2019 ஜூலையில் திரங்கானுவில் ஊருக்குள் வந்து பிடிபட்ட புலியொன்று, நாய்களிடையே பரவும் டிஸ்டெம்பர் நச்சுயிரியால் தாக்கப்பட்டிருந்தது; சில நாள்களில் இறந்தது.

2014இல், புலிகள் 250 முதல் 340 வரை இருக்கலாம் என்று மதிப்பீடு திருத்தப்பட்டது. முழுமையான தேசியக் கணக்கெடுப்பு 2016இல்தான் தொடங்கி 2020இல் நிறைவுற்றது. ஆயிரம் புலிகளை எட்டியிருக்கவேண்டிய அதே ஆண்டில் 150க்கும் குறைவு என்னும் விடை கிடைத்தது. இலக்கை முதலில் வைத்து, கணக்கைப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து முடித்த திட்டமாக அது அமைந்துவிட்டது. இடைக்காலத்தில் வீழ்ச்சியின் விரைவைத் துல்லியமாகக் காட்ட நாடு தழுவிய அளவுகோல் எதுவும் கையில் இருக்கவில்லை. சரிஸ்காவில் பொய்க்கணக்கு செய்ததை, இங்கே கணக்கின்மை செய்தது. எனினும், கசப்பான விடையை மறைக்காது வெளியிட்டதற்காக மலேசியத் துறையினரைப் பாராட்டுதல் வேண்டும். 2021 நவம்பரில் அமைச்சரவை ஒன்பது சிறப்பு நடவடிக்கைகளுக்கு ஒப்புதல் அளித்ததும், 2022 ஜனவரியில் பிரதமர் தலைமையில் பணிக்குழு அமைந்ததும், 2023இல் பகாங் மாநிலத்தில் 1,34,000 ஹெக்டர் பரப்பில் அல்-சுல்தான் அப்துல்லா அரச புலிக் காப்பகம் உருவானதும் அவ்விடையின் விளைவுகளே.

எண்ணப்படாத மனிதர்

புலியின் கணக்கு இவ்வாறிருக்க, புலியுடன் வாழும் மனிதரின் கணக்கு எந்த ஏட்டில் உள்ளது என்பது அடுத்த வினா. மலாய்ச் சிற்றூர் மக்கள் காட்டில் புலியின் பெயரைச் சொல்லாமல் ‘பாக் பெலாங்’, அதாவது வரியுடைய பெரியவர், என்று மரியாதையுடன் குறிப்பர். தாமான் நெகாராவின் பாத்தேக் மக்களும், பெலும் காட்டின் ஜஹாய் மக்களும் காப்பகம் என்னும் சொல் பிறப்பதற்கு முன்பே புலியின் அண்டை வீட்டார். ஆயினும், எல்லைக்கோடு வரைந்தபோது அவர்களைக் கேட்டு வரைந்தவர் அரியர். 2022 ஜனவரியில் கிளந்தானின் குவா மூசாங் மாவட்டத்தில் ஒராங் அஸ்லி ஒருவர் புலி தாக்கி இறந்தார். 2023ஆம் ஆண்டிலும் அதே மாவட்டத்தில் இத்தகைய இறப்புகள் நேர்ந்தன. புலி அருகிப்போன காலத்திலும் அதன் சுமையைத் தாங்குவோர் காட்டோரத்து ஏழைகளே.

இந்தியாவிலும் இச்சிக்கல் தீர்ந்தபாடில்லை. உள்மண்டலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட சிற்றூர்கள் பல. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடியினரின் உரிமையை ஏற்றது. 2011இல் கருநாடகத்தின் பிளிகிரிரங்கன் மலைக் காப்பகத்தில் சோளிகர் மக்கள் சமூக வன உரிமை பெற்றது, புலிக் காப்பகத்துக்குள் அத்தகைய உரிமை வழங்கப்பட்ட முதல் நிகழ்வாகும்.

மலேசியத் தமிழராகிய நமக்கு இன்னும் நெருக்கமான சான்று மாஞ்சோலை. களக்காடு–முண்டந்துறைக் காப்பகத்துக்குள் அமைந்த அத்தேயிலைத் தோட்டங்கள், சிங்கம்பட்டி சமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற நிலத்தில் எழுந்தவை. குத்தகை 2028இல் முடியவிருக்க, நிருவாகம் 2024இல் விருப்ப ஓய்வை அறிவித்துத் தோட்டங்களை மூட முற்பட்டது. தலைமுறைகளாக மலையிலேயே பிறந்து உழைத்தவர்கள் எங்கே செல்வது என்னும் வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது லயங்களிலிருந்து வெளியேறிய நம் மக்களின் நிலையை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. காடு மீளட்டும், புலி மீளட்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. அம்மீட்சியின் விலையைத் தேயிலை பறித்த கைகளே தனியாகச் செலுத்த வேண்டுமா என்பதே கேள்வி.

எண்ணப்படாதவரைத் திட்டத்திற்குள் கொணர்வது கருணைச் செயல் மட்டுமன்று. அதுவே பயன்தரும் வழியும் ஆகும். மலேசியாவில் 2020இல் தொடங்கி, ஓய்வுபெற்ற படைவீரர்களும் ஒராங் அஸ்லி மக்களும் சமூக வனக்காவலர்களாக அமர்த்தப்பட்டு வருகின்றனர். எந்தப் பாதையில் கண்ணி வைப்பர், முறிந்த கிளை எதனைக் காட்டும் என்பதை அவர்களைவிட நன்கறிந்தவர் இலர்.

பினாங்கும் நாமும்

பினாங்குத் தீவில் புலி இல்லை. ஜார்ஜ் டவுன் நகரில் அமர்ந்து புலியைப் பற்றி எழுதுவது நகரத்தாரின் இரக்கம் மட்டுமே என்று ஒருவர் கூறலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. பினாங்கு மாநிலம் பயன்படுத்தும் நீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு முடா ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்த ஆற்றின் தலைநீர்க்காடு அண்டை மாநிலமான கெடாவின் உலு முடா. நடுக்காட்டு முதுகெலும்பின் வடபகுதியைச் சேர்ந்த அக்காட்டில் மரம் வெட்டுவதா கூடாதா என்ற வாதம் இரு மாநிலங்களுக்கிடையே பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. தாமிரபரணிக்கும் முண்டந்துறைக்கும் உள்ள உறவே முடா ஆற்றுக்கும் உலு முடாவுக்கும் உள்ளது.

இத்தீவின் பழைய வணிக மரபிலும் ஒரு நிழல் உண்டு. 2010இல் பினாங்கைச் சேர்ந்த வனவிலங்கு வணிகர் ஒருவர் 95 போவாப் பாம்புகளுடன் கோலாலம்பூர் விமான நிலையத்தில் பிடிபட்டதும், அவருக்கு முதலில் ஆறு மாதச் சிறையே விதிக்கப்பட்டதும் நாட்டில் பெரும் விவாதத்தை எழுப்பின. மறுபுறம், 1969இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கமும், 1970களின் பிற்பகுதியில் தோன்றிய சகாபாட் ஆலாம் மலேசியாவும் இந்நகரிலிருந்தே காட்டழிப்புக்கும் வனவிலங்கு வணிகத்துக்கும் எதிராக இடையறாது குரல் கொடுத்தன. 2019இல் மறைந்த எஸ். எம். முகமது இத்ரிஸ் இரண்டுக்கும் பல்லாண்டுகள் தலைமை தாங்கினார். சுற்றுச்சூழல் என்பது நமக்குப் புறத்தேயிருந்து வந்த கருத்து என எண்ணும் ஆசிரியர்கள் இவ்வரலாற்றை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லலாம்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, செத்த புலியை எண்ணிய அரசே பின்னர் உயிருள்ள புலியை எண்ண முற்பட்டது. ஆனால், எண்ணுவோரின் நலனே எண்ணைத் தீர்மானிக்கும் பழக்கம் எளிதில் மாறவில்லை. இரண்டாவது, இந்தியத் திட்டம் உயர்ந்த எண்களைச் சொன்ன காலத்தில் தளர்ந்தது. தாழ்ந்த எண்ணை ஒப்புக்கொண்ட பிறகு வலுவடைந்தது. மலேசியத் திட்டமும் இப்பொழுதுதான் அந்த ஒப்புதலைக் கடந்து வந்துள்ளது. மூன்றாவது, புலியுடன் வாழ்வோரையும் காட்டோரத்தில் உழைத்தோரையும் எண்ணாத கணக்கு முழுக்கணக்கு ஆகாது.

கடைசிச் செய்தி நம் துறைக்குரியது. பேராக், கெடா, பகாங் மாநிலங்களின் காட்டோரத் தோட்டங்களில் வாழ்ந்த முதிய தமிழர் பலர், விடியற்காலையில் பால்மரம் வெட்டச் சென்ற வழியில் புலித்தடம் கண்ட தலைமுறையினர். எந்த ஆண்டில் எந்த ஆற்றோரத்தில் கண்டார்கள், எப்பொழுது முதல் காணாமற்போயிற்று என்பதைக் கேட்டுப் பதிவு செய்தால், அது மலாயாத் தமிழரின் சமூக வரலாறாகவும் மலாயாக் காட்டின் வரலாறாகவும் அமையும். அதற்குத் தானியங்கிக் கேமரா வேண்டுவதில்லை. ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் பொறுமையும் போதும். அந்தத் தலைமுறையும் அருகி வருகிறது. ஆகவே, இப்பணியை நம் மாணவர்கள் காலந்தாழ்த்தாது மேற்கொள்ளுமாறு தமிழாசிரியர்கள் வழிகாட்டுதல் வேண்டும்.